மறு: அம்னெஸ்டிக்குத் தமிழ்: பொதுமன்னிப்பு வேண்டாம், வழக்குவிலக்கு என்று வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கொலம்பிய சமாதான ஒப்பந்தம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தம்பி, அம்னெஸ்டிக்கு, அதாவது இன்ன குற்றத்துக்கு வழக்குப் போடுவதில்லை என்று அரசு அறிவிப்பதற்கு, தமிழில் என்ன போடுவது என்று கேட்டதற்கு வந்த மடல்களில் பாதிக்கு மேல் ஒரே பதில்தான்: "பொதுமன்னிப்பு இருக்கிறதே, அப்புறம் என்ன விவாதம்?" நானும் இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைத்தான் எழுதி வந்தேன். தம்பி அனுப்பிய வரைவில் ஒரு வரியைப் படித்த பிறகு இனி அதை எழுதக் கை வராது என்று தெரிந்துவிட்டது. வரி இதுதான்:

> கிளர்ச்சிக் குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு பெற்ற தளபதிகள், கடத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டனர். சிலர் மன்னிக்க மறுத்தனர்.

இதைப் படிக்கும் ஆளுக்கு என்ன புரியும்? ஏற்கெனவே மன்னிப்பு கிடைத்தாயிற்று, பிறகு எதற்கு மறுபடி கேட்டார்கள், அரசாங்கமே மன்னித்த பிறகு இவர்கள் மறுப்பது பிடிவாதம் போலிருக்கிறதே என்றுதான் தோன்றும். மூலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. ஸ்பானிய மொழியில் அம்னிஸ்தியா வேறு, பெர்தோன் வேறு. முதலாவது அரசு கொடுப்பது, இரண்டாவது பாதிக்கப்பட்டவர் கொடுப்பது. நாம்தான் இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுகிறோம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. வடக்கு உகாண்டாவில் அச்சோலி மொழியில் அம்னெஸ்டிக்கும் மன்னிப்புக்கும் 'டிமோ கிச்சா' என்ற ஒரே சொல்தான். 2000ஆம் ஆண்டு அங்கே அம்னெஸ்டி சட்டம் வந்தது. கிளர்ச்சியாளர்கள் காட்டிலிருந்து ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் வழக்கு கிடையாது என்பது சட்டம். ஆனால் ஊர்க்காரர் காதில் அது "இவனை நீ மன்னித்துவிட்டாய்" என்று விழுகிறது. வந்தவர்களில் பலர் சிறுவயதில் கடத்திக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகள் என்பதால் ஊர் மனசும் ஒரு நிலையில் இல்லை. அந்த இடத்தில் ஒரு சொல் செய்யக்கூடிய காரியம் சின்னதா?

சரி, பொதுமன்னிப்பு இன்றைக்கு நம் பத்திரிகையில் எதற்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். வளைகுடாவில் விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள் அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தால் பொதுமன்னிப்பு. அண்ணா பிறந்தநாளையொட்டி ஆயுள் கைதிகளை விடுவித்தால் பொதுமன்னிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்கா நினைவுபடுத்திய மிருசுவில் வழக்கும் அதே கதைதான்: 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. 2015இல் ஒரு ராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவரை விடுவித்தார். அதற்கும் தமிழ்ப் பத்திரிகைகளில் பொதுமன்னிப்பு என்றே தலைப்பு. அக்கா எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

> செத்தது எங்கட சனம், மன்னிச்சது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

இந்த ஒரு வரியில் விவாதம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மிருசுவிலில் நடந்தது தீர்ப்புக்குப் பின் தண்டனையை நீக்கியது. அம்னெஸ்டி பெரும்பாலும் வழக்கே வராமல் தடுப்பது. இந்த வேறுபாட்டையும் பொதுமன்னிப்பு மூடி மறைத்துவிடுகிறது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று. என் பெரியம்மா மகனை வரப்புத் தகராறில் அடித்துக் காலை உடைத்துவிட்டார்கள். வழக்கு ஆறு வருஷம் இழுத்தது. கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போயிற்று, ஊரில் இரண்டு தெருவும் பேசிக்கொள்ளவில்லை, கோயில் திருவிழாவும் நின்றுபோயிற்று. கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ராஜி ஆனார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பெரியம்மாவிடம் யாரோ, "மன்னிச்சிட்டீங்களாக்கும், பெரிய மனசு" என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "கேஸத்தான் விட்டோம். அவன விடல." அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்யும் அனுப்பினார். அடித்தவனோடு மட்டும் சாகிற வரை பேசவில்லை. வழக்கை விடுவது ஒன்று, ஆளை மன்னிப்பது இன்னொன்று என்று எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கலைச்சொல் ஆக்கும் நமக்கு அது மங்கிவிடக் கூடாது.

கொலம்பியாவுக்கு வருகிறேன். அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் ஹவானாவில் நான்கு வருஷம் பேசி, 2016 செப்டம்பரில் கார்த்தகேனாவில் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 2 அன்று மக்களிடம் வாக்குக்கு விட்டபோது 54,000க்கும் குறைவான வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது. தளபதிகள் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் பொஹயா என்ற ஊர் 95 சதவீதத்துக்கு மேல் 'வேண்டும்' என்று போட்டது. 2002 மே மாதம் சண்டைக்குப் பயந்து சர்ச்சுக்குள் ஒதுங்கியிருந்த ஊர்ச்சனத்தின் மேல் ஃபார்க் வீசிய சிலிண்டர் குண்டு விழுந்து, குழந்தைகள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த ஊர் அது. 2015 டிசம்பரில் ஃபார்க் பிரதிநிதிகள் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஊர் போட்ட ஓட்டு, சண்டை நிற்கட்டும் என்பதற்கான ஓட்டு. மனசுக்குள் யார் யாரை மன்னித்தார்கள் என்பது ஓட்டுப்பெட்டியில் வராது. அந்த ஓட்டைப் 'பொதுமன்னிப்புக்கு ஆதரவு' என்று தமிழில் எழுதினால் அந்தத் தாய்மார்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்கிறோம்.

திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் வந்தது, டிசம்பர் 30 அன்று 1820ஆம் எண் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள். கிளர்ச்சி, அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது போன்ற அரசியல் குற்றங்களுக்கு அம்னிஸ்தியா. ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்தால் இந்துல்தோ, அதாவது தண்டனையை நீக்குவது. ராணுவத்தினர் கிளர்ச்சி செய்தவர்கள் இல்லையே, அதனால் அவர்களுக்கு இரண்டும் கிடையாது. அவர்களுக்கு, சில குற்றங்களில் வழக்கு நடத்தும் உரிமையை அரசு கைவிடுகிறது என்று தனியாக ஒரு தொடர். போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், ஆள்கடத்தல் இவை எந்த வாசல் வழியாகவும் தப்ப முடியாது. இத்தனை கவனமாகப் பிரித்து வைத்ததை நாம் 'பொதுமன்னிப்பு' என்று ஒரே பூட்டுப் போட்டு மூடினால், சமாதானத்தையும் தண்டனையையும் அந்த நாடு எப்படி ஒருசேரப் பிடித்துக்கொண்டது என்கிற விஷயமே வாசகருக்குப் போய்ச் சேராது.

தென்னாப்பிரிக்காவும் இதையே காட்டுகிறது. அங்கே நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணைக்குழு முன்னால் வந்த அம்னெஸ்டி விண்ணப்பங்கள் 7,112, கிடைத்தது 849 பேருக்கு. செய்த குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதாக இருக்க வேண்டும், முழு உண்மையையும் சொல்ல வேண்டும், இவைதான் நிபந்தனை. வருத்தம் தெரிவிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லவே இல்லை. கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எப்படிக் கொன்றேன் என்று விவரமாகச் சொன்னாலும் கிடைக்கும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் கிடைக்காது: நிறவெறியை எதிர்த்த ஸ்டீவ் பீக்கோவின் சாவுக்குக் காரணமான போலீஸ்காரர்களுக்கு 1999இல் மறுக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்காமலே கிடைக்கிற ஒன்றுக்கு எப்படி மன்னிப்பு என்று பெயர் வைப்பது? நம் ஊர் கோர்ட்டில் இதற்குப் பக்கத்துச் சொந்தம் அப்ரூவர். உண்மையை ஒளிக்காமல் சொன்னால் வழக்கிலிருந்து விடுவிப்போம் என்கிற அதே பேரம். அப்ரூவர் ஆனவனை மன்னித்துவிட்டார்கள் என்று டீக்கடையில்கூட யாரும் சொல்வதில்லை. "கேஸ்ல இருந்து தப்பிச்சிட்டான்" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது முன்வந்த சொற்கள்.

'மறதியாணை' என்று பேராசிரியர் ஐயா சொன்னார். அம்னெஸ்டியின் கிரேக்க வேர் மறதி, அம்னீசியாவுக்கும் அதுதான் வேர் என்பது அவர் வாதம். வேர் சரி. ஆனால் கி.மு. 403இல் உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு ஏதென்ஸ்காரர்கள் பழைய தீங்கை நினைவுபடுத்த மாட்டோம் என்று சத்தியம் செய்தபோதுகூட, அதற்கு முன் ஆட்சியைப் பிடித்து ஆட்டம் போட்ட முப்பது பேருக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் தங்கள் ஆட்சிக்குக் கணக்கு ஒப்புவித்தால்தான் அந்தச் சத்தியத்தின் பாதுகாப்புக்குள் வரலாம் என்று வைத்தார்கள். நம் மரபிலும் வள்ளுவர் பொறுத்தலை ஒன்றாகவும் மறத்தலை அதைவிட நல்லதாகவும் பிரித்துத்தான் சொன்னார், அதையும் தீங்குபட்டவரைப் பார்த்துத்தான் சொன்னார். அரசாங்கம் ஆணை போட்டு என்னை மறக்கச் சொல்ல முடியாது ஐயா. காணாமல் போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் 'மறதியாணை' என்று சொல்லிப்பாருங்கள், அது எவ்வளவு கொடூரமாக ஒலிக்கும் என்று தெரியும்.

'வழக்குத் துறப்பு' நல்ல சொல். பொறுப்புத் துறப்பு ஏற்கெனவே புழங்குவதால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கொலம்பியச் சட்டத்தில் ராணுவத்தினருக்கான அந்த மூன்றாவது ஏற்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம், அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

அம்னெஸ்டிக்கு என் முன்மொழிவு 'வழக்குவிலக்கு'. வரிவிலக்கு மாதிரி. வரிவிலக்கு என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்: அரசு கொடுப்பது, இன்ன வகைக்கு மட்டும் என்று வரையறுக்கலாம், நிபந்தனை போடலாம், மீறினால் திரும்ப வாங்கலாம், யார் மனசும் அதில் சம்பந்தப்படவில்லை. 'நிபந்தனை வழக்குவிலக்கு' என்று தொடர் சேர்த்தாலும் வாயில் இடறவில்லை. தீர்ப்புக்குப் பின் வருவதை 'தண்டனைவிலக்கு' என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும், மிருசுவில் விடுதலையை இந்தச் சொல்லால் எழுதலாம். 'தூதருக்குள்ள சட்ட விலக்குரிமையோடு குழம்பாதா' என்று ஒரு நண்பர் கேட்டார். அது பதவியோடு வரும் உரிமை, அங்கே 'உரிமை' என்ற பாதி எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் குழம்பாது.

1999 ஜூலையில் சியரா லியோன் உள்நாட்டுப் போரை நிறுத்த வந்த லோமே ஒப்பந்தத்தில் எல்லாப் போராளிகளுக்கும் முழு விடுதலை என்று எழுதியபோது, ஐ.நா. பிரதிநிதி கையெழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு குறிப்பு எழுதினார்: இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் இவற்றுக்கு இது செல்லாது. அடுத்த வருஷமே கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவின் ஆட்கள் ஐ.நா. படையினர் நூற்றுக்கணக்கானவரைப் பிடித்து வைத்தார்கள், கைலாஹுனில் நம் இந்தியச் சிப்பாய்களும் முற்றுகையில் சிக்கினார்கள். பின்னால் அந்தப் போரின் குற்றங்களை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் வந்தபோது அந்தப் பேனாக் குறிப்பு தேவைப்பட்டது. இதைத் தமிழில் 'ஐ.நா. மன்னிக்க மறுத்தது' என்றா எழுதுவோம்? 'வழக்குவிலக்கு செல்லாது என்றது' என்று எழுதினால் நடந்தது அப்படியே நிற்கிறது.

அடுத்து இம்ப்யூனிட்டி, அதாவது குற்றம் செய்தும் தண்டனை இல்லாமலே போவது. ஈழத்து எழுத்தில் 'தண்டனை விலக்களிப்பு' என்று வருகிறது. பொறுப்புக்கூறல் (அக்கவுண்டபிலிட்டி), நிலைமாறுகால நீதி (போர் முடிந்த பின் தேடும் நீதி) போன்ற சொற்களைச் செதுக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனாலும் இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. விலக்களிப்பு என்றால் யாரோ அறிவித்து அளித்ததாக ஆகிறது. இம்ப்யூனிட்டியை எவரும் அறிவிப்பதில்லை, கோப்பு மேசையிலேயே கிடந்து மட்கிப்போகிறது, சாட்சி ஊரைவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். இதற்கு நம்மிடம் 'கேட்பாரற்று', 'கேக்க நாதியில்ல' என்று பழகிய பேச்சு இருக்கிறது. 'கேட்பாரின்மை' என்று வைத்தால் என்ன? பொறுப்புக்கூறலுக்கு நேர் எதிரே அழகாக உட்காரும்.

கடைசியாக எனக்கே விடை தெரியாத ஒன்று. சமாதான ஒப்பந்தத்தின்படி அமைந்த கொலம்பியச் சிறப்பு நீதிமன்றத்தில், ஆரம்பத்திலேயே முழு உண்மையையும் ஒப்புக்கொண்டால் ஐந்திலிருந்து எட்டு வருஷம், ஜெயில் கிடையாது, நடமாட்டக் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்டவர்களுக்கான வேலையும் உண்டு: கண்ணிவெடி அகற்றுவது, காணாமல் போனவர்களின் எலும்பைத் தேடுவது. ஒப்புக்கொள்ளாமல் பிறகு குற்றம் நிரூபணமானால் 15 முதல் 20 வருஷம் ஜெயில். 2025 செப்டம்பரில் முதல் தீர்ப்புகள் வந்தன. கடத்தல் வழக்கில் ஃபார்க் முன்னாள் தலைவர்கள் ஏழு பேருக்கு எட்டு வருஷம். இந்த ஜெயிலில்லாத தண்டனைக்கு தம்பி 'பரிகாரத் தண்டனை' என்று போட்டிருக்கிறார். பரிகாரம் என்றால் செய்கிறவன் தோஷம் கழிகிறது என்று பொருள், அதனால் எனக்கு ஒட்டவில்லை. 'ஈடுசெய் தண்டனை' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். சொவாச்சா ஊர் அம்மாக்கள் நினைவுக்கு வந்தார்கள். வேலை தருவதாகக் கூட்டிப்போய் ராணுவம் சுட்டுக் கெரில்லா உடை மாட்டி, சண்டையில் செத்த கெரில்லா என்று கணக்குக் காட்டிய பையன்களின் அம்மாக்கள். 2002 முதல் 2008 வரை மட்டும் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 6,402 பேர் என்று அந்த நீதிமன்றமே கணக்குச் சொல்கிறது. சில உடல்களில் ரப்பர் பூட்ஸ் கால் மாற்றி மாட்டியிருந்தது. இப்போது அந்த அம்மாக்கள் அதே மாதிரி பூட்ஸுக்கு வர்ணம் தீட்டி, பையன்களின் பெயரை எழுதி வைக்கிறார்கள். அதற்கு முன்னால் 'ஈடு' என்று எழுத என்னால் முடியவில்லை. யாருக்காவது இதற்கு ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள். தம்பி கட்டுரையை அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்கிறார், அதற்குள் கிடைக்காவிட்டால் 'சிறையில்லாத் தண்டனை' என்று வெறுமனே போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.