செனான் கிட் போட்டேன், வலது பக்கம் மட்டும் எரிந்து அணைகிறது. அவசர உதவி

கீழக்கரை_நீலவண்டி:
ஹெட்லைட்டில் ஹாலஜன் பல்புக்குப் பதிலாக செனான் கிட் வாங்கி நானே போட்டேன். இடது பக்கம் ஜோராக எரிகிறது, வலது பக்கம் சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று வரும், இரண்டு மூன்று முறை துடிக்கும், அப்புறம் அணைந்துவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி அதே கதை. வெள்ளிக்கிழமை இரவு மச்சானைக் கூப்பிட மதுரை ஏர்போர்ட் போக வேண்டும். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்டபம்_பிட்டர்:
என்ன வண்டி தம்பி? என்ன பல்ப், எத்தனை வாட்? கிட்டோடு ரிலே வயரிங் வந்ததா, இல்லை பழைய ஹோல்டரிலேயே நேராகச் செருகினீர்களா? இஞ்சின் ஓடும்போதும் அணைகிறதா?

கீழக்கரை_நீலவண்டி:
ஸ்போர்ட்ஸ் கார்தான். பல்ப் எச்7. கிட்டில் வந்த எல்லா வயரையும் போட்டாயிற்று.

பழையவன்_ராம்நாடு:
"ஸ்போர்ட்ஸ் கார்தான்" என்று ஒரு மாடல் எந்தக் கம்பெனியில் வருகிறது? நான்கு கேள்வி கேட்டார், ஒன்றுக்குப் பாதி பதில். செனான் பற்றி இங்கே நான் எவ்வளவோ எழுதியிருக்கிறேன், அதைத் தேடிப் படித்துவிட்டு வந்தால் இந்த இழையே தேவைப்படாது. பேலஸ்ட்டு, அதாவது செனான் பல்புக்கு உயர் வோல்ட் கொடுக்கும் பெட்டி, மட்டமாக இருக்கும். விலை எவ்வளவு என்று சொல்லுங்கள், நோய் என்னவென்று சொல்கிறேன்.

சென்னை986:
நீலம், எச்7, கீழக்கரை. அரிச்சல்முனை ரோட்டில் நிறுத்திப் படம் போட்டிருந்த போர்ஷே பாக்ஸ்டர் 986 உங்களுடையதுதானே? அப்படியென்றால் இது பேலஸ்ட்டே இல்லை. இந்த வண்டியில் ஹெட்லைட் முழு செட்டாகக் கழன்று வரும். முன் டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, டூல் கிட்டில் இருக்கும் சாவியை விட்டுத் திருப்பினால் அப்படியே முன்னால் வந்துவிடும். திரும்ப உள்ளே தள்ளும்போது பின்னால் இருக்கும் பெரிய பிளக் தானாகச் செருகிக்கொள்ள வேண்டும். அரைகுறையாகத் தள்ளினால் லைட் நிற்கும், பிளக் பிடிக்காது. வலது பக்கத்தைக் கழற்றி, பின்களைப் பார்த்து, மறுபடி அழுத்தித் தள்ளி லாக் போடுங்கள். தொண்ணூறு சதவீதம் அதுதான்.

கீழக்கரை_நீலவண்டி:
ஆமாம் பாக்ஸ்டர்தான். கழற்றி மறுபடி போட்டேன், லாக் விழுந்த சத்தம் கேட்டது. அதே பிரச்சினை. 55 வாட், நிறம் 6000 கெல்வின். ரிலே வயர் இருக்கிறது, பேட்டரியிலிருந்து நேராக எடுத்தேன். இஞ்சின் ஓடினால் கொஞ்சம் கூடுதல் நேரம் எரிகிறது, அப்புறம் துடிக்கிறது.

உப்புக்காற்று:
எர்த், எர்த், எர்த். கரண்டு பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியைச் சொல்கிறேன். கீழக்கரையில் வண்டி நிற்கிறது, வேறென்ன காரணம் வேண்டும்? பாம்பன் பாலத்து இரும்புக்கு இந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும், ஒரு எம்6 போல்ட் எம்மாத்திரம். இஞ்சின் ஓடும்போது கூடுதல் நேரம் எரிகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் கொடுக்கும்போது சமாளிக்கிறது, பேட்டரி 12 சொச்சத்தில் நிற்கும்போது படுத்துவிடுகிறது. வழியில் எங்கோ வோல்ட் கரைகிறது என்று அர்த்தம். வலது பேலஸ்ட்டின் கறுப்பு வயரை எங்கே முடுக்கினீர்கள்?

ஏர்வாடி_தம்பி:
அண்ணே, வண்டிக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும் கேன்பஸ் பேலஸ்ட் வாங்கியிருக்க வேண்டும். சாதா பேலஸ்ட் போட்டால் கம்ப்யூட்டர் பல்ப் பியூஸ் என்று நினைத்து கரண்டை வெட்டும். என் நண்பன் காரில் இதே மாதிரிதான், டீகோடர் போட்டதும் சரியானது. 8000 கெல்வினும் போட்டுப் பாருங்கள், நீல வண்டிக்கு சூப்பராக இருக்கும்.

பழையவன்_ராம்நாடு:
தம்பி, ரிலே வயரிங் போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு எடுத்தவருக்கு கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்து வெட்டும்? பழைய ஹோல்டர் ரிலேயைத் தட்டிவிட மட்டும்தான். போதாததற்கு ரிலே ஒன்று, அது இரண்டு பக்கத்துக்கும் பொது, இடது எரிகிறது. படிக்காமல் பதில் போடுவது ஒரு நோய்.

மண்டபம்_பிட்டர்:
சரி, யார் சொல்வது சரி என்று வாயால் முடிவு செய்ய வேண்டாம். பைசா செலவில்லாத வழி இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டு பல்பையும் இடம் மாற்றுங்கள். கோளாறு இடது பக்கம் தாவினால் பல்ப்தான். தாவவில்லையா, பேலஸ்ட்டை மாற்றுங்கள். அதுவும் தாவவில்லை என்றால் வலது பக்கம் வந்துசேரும் கரண்டில்தான் கோளாறு, பல்புக்கும் பேலஸ்ட்டுக்கும் காசு கொட்ட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. பற்றவைக்கும் நொடியில் பேலஸ்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், லைட் போட்ட நிலையில் அந்தத் தடித்த வயரில் கை வைக்காதீர்கள். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், விரல் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் சூடு ஏறி ஆயுள் குறையும்.

உப்புக்காற்று:
மாற்றிப் பார்க்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவு என்னவென்று இப்போதே எழுதி வைக்கிறேன்: எர்த்.

தொண்டி_லோடு:
நடுவில் புகுந்து பேசுகிறேன், மன்னிக்கவும். நான் மீன் வண்டி ஓட்டுகிறேன், ராத்திரியில்தான் வேலையே. இந்த வெள்ளை லைட் போட்டவர்கள் எல்லாம் ஒரு தடவை எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் தடுப்பு கிடையாது, எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும் என்று தெரியாது. எதிரில் ஒரு செனான் வந்தால் சில வினாடி எனக்கு ரோடே இல்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இன்னும் மோசம், ஒதுங்கவும் இடம் கிடையாது.

ஏர்வாடி_தம்பி:
லாரிக்காரர்கள் மட்டும் பிரைட்டிலேயே வரலாமா அண்ணே? பஸ்காரர் டிம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

தொண்டி_லோடு:
நான் டிம் போட்டுத்தான் ஓட்டுகிறேன் தம்பி. பஸ்காரரிடம் நீங்களே கேளுங்கள்.

வெள்ளைக்கோடு:
சட்டத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. கம்பெனி செனான் வேறு, கடை செனான் வேறு.

சென்னை986:
பல்ப் மாற்றுவது எல்லாம் வண்டியை மாற்றுவதா? அப்படிப் பார்த்தால் டயர் மாற்றினாலும் கேஸ் போட வேண்டும். இதே 986க்கு போர்ஷேயே லிட்ரானிக் என்று செனான் கொடுத்தது.

வெள்ளைக்கோடு:
கொடுத்தது. அதில் லென்ஸ் வேறு, பல்ப் டி2எஸ், லைட்டின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் மோட்டார், கண்ணாடியைக் கழுவும் வாஷர் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. ஐரோப்பிய விதியில் வெளிச்சம் 2,000 லூமனுக்கு மேல் போனால் அந்த மோட்டாரும் வாஷரும் கட்டாயம். எச்7 ஹாலஜன் 1,500 லூமன், டி2எஸ் 3,200. ஹாலஜனின் கம்பிச் சுருள் எங்கே, என்ன வடிவில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் செய்த பிரதிபலிப்பானில் செனான் தீப்பொறியை வைத்தால் வெளிச்சம் கண்ட இடத்தில் சிதறும். தொண்டி அண்ணன் சொல்வது அதைத்தான்.

சென்னை986:
986இல் டிம்முக்கு லென்ஸ் வைத்த புரொஜக்டர் இருக்கிறது, வெறும் பிரதிபலிப்பான் இல்லை. வெளிச்சத்தின் மேல்கோடு வெட்டினாற்போல் நிற்கும். மாருதியில் எச்4 கிட் போடுகிறவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள்.

வெள்ளைக்கோடு:
மேல்கோடு நிற்கும், அதற்குக் கீழே ஒரு இடத்தில் திட்டாக, இன்னொரு இடத்தில் இருட்டாக விழும். கண்ணுக்கு மிக அருகில் ரோடு பளபளவென்று இருந்தால் தூரத்தில் மாடு நிற்பது தெரியாது. வெளிச்சம் கூடியது போல் தோன்றும், பார்வை கூடாது. 55 வாட் போட்டால் சூட்டில் உள்ளே இருக்கும் பூச்சும் நாளடைவில் மங்கும்.

பழையவன்_ராம்நாடு:
இதைத்தான் நான் எப்போதும் சொல்வது. செனான் போடுவதே என்றால் 35 வாட், 4300 கெல்வின், அதற்கு மேல் போகிறவர்கள் வெளிச்சத்துக்குப் போடுவதில்லை, அழகுக்குப் போடுகிறார்கள். கெல்வின் ஏற ஏற நீலம் கூடும், லூமன் குறையும். தனுஷ்கோடிப் பக்கம் விடியற்காலையில் கடல் மூட்டம் இறங்கும்போது 8000 போட்டவர் தன் முன்னால் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார். ஏர்வாடித் தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

ஏர்வாடி_தம்பி:
எனக்கு இன்னும் காரே இல்லை அண்ணே, பைக்தான்.

மண்டபம்_பிட்டர்:
நீலவண்டித் தம்பி, மாற்றிப் பார்த்தீர்களா?

கீழக்கரை_நீலவண்டி:
பல்ப் மாற்றினேன், வலதுதான் அணைகிறது. பேலஸ்ட் மாற்றினேன், அப்போதும் வலது.

உப்புக்காற்று:
😀

மண்டபம்_பிட்டர்:
அப்படியென்றால் இரண்டும் நல்லது, திருப்பிக் கொடுக்க வேண்டாம். இனி மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சுவிட்ச் போடட்டும், லைட் பற்றும் அந்த நொடியில் நீங்கள் மூன்று அளவு எடுங்கள். பேட்டரி முனைகளில் ஒன்று. வலது பேலஸ்ட் உள்வாங்கும் கப்ளரில், 12 வோல்ட் பக்கம் மட்டும், ஒன்று. அப்புறம் முக்கியமானது: ஒரு முள்ளை அதே கப்ளரின் கறுப்பு வயரிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். எர்த் நன்றாக இருந்தால் அங்கே 0.2க்குள் காட்டும்.

லைட் போடாமல் அளந்தால் எல்லாம் 12 என்று காட்டி ஏமாற்றும், கரண்டு ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஹாலஜன் 55 வாட் நாலரை ஆம்பியர் சொச்சம் இழுக்கும், அவ்வளவுதான். செனான் ஓடும்போது சாது, பற்றும் முதல் சில வினாடியில் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். அதுவும் உங்களுடையது 55. வழக்கமாக 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேலஸ்ட் கையை விரித்துவிடும்.

சென்னை986:
பிளக் பின்னில் பச்சை பூத்திருந்தாலும் இப்படி ஆகும், நான் இன்னும் என் கட்சியை விடவில்லை.

உப்புக்காற்று:
உங்கள் கட்சி பிளக், என் கட்சி எர்த். ஆனால் ரிலேயிலிருந்து வரும் கரண்டு அந்தப் பிளக் வழியாகவே போகவில்லையே அண்ணே? பேலஸ்ட்டுக்குத் தனி வயர்.

சென்னை986:
பேலஸ்ட் லைட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று அவர் சொல்லவே இல்லை. வயர் போக பின்மூடியில் ஓட்டை போட்டிருப்பார். அந்த ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளே ஈரம் ஏறும், அந்த ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அதையும் பாருங்கள்.

கீழக்கரை_நீலவண்டி:
பேட்டரி 12.1. வலது கப்ளர் 9.6, அதுவும் குதித்துக்கொண்டே இருக்கிறது. எர்த் 2.2. இடது கப்ளர் 11.6.

மண்டபம்_பிட்டர்:
முடிந்தது. 12.1இல் 9.6 போக 2.5 காணவில்லை, அதில் 2.2 எர்த்திலேயே போகிறது. மிச்சம் 0.3 பாசிட்டிவ் வயரில், அது பரவாயில்லை. அந்த எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பெயிண்ட் மேல் முடுக்கியிருப்பீர்கள், அல்லது கீழே துரு. கடலை விட்டுத் தள்ளி வண்டி நிறுத்துகிறவர் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினாலே போதும். உங்களுக்குப் போதாது. வளையத்தைப் புதிதாக கிரிம்ப் செய்து, வயரை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துவிடுங்கள். 986இல் பேட்டரி முன் டிக்கியில்தான், தூரமும் இல்லை. முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் தடவி அப்புறம் முடுக்காதீர்கள்.

பழையவன்_ராம்நாடு:
நான் முதலிலேயே வயரிங் என்று சொல்லியிருப்பேன், விவரம் கொடுத்திருந்தால்.

உப்புக்காற்று:
நீங்கள் முதலில் சொன்னது பேலஸ்ட். மேலே இருக்கிறது.

பழையவன்_ராம்நாடு:
மட்டமான பேலஸ்ட் வோல்ட் குறைந்தால் தாங்காது என்ற பொருளில் சொன்னது. நல்ல பேலஸ்ட் 9.6இல் எரியும்.

உப்புக்காற்று:
எரியட்டும்.

கீழக்கரை_நீலவண்டி:
எர்த்தான். பேட்டரிக்கு இழுத்துவிட்டேன், இரண்டும் எரிகிறது. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

மண்டபம்_பிட்டர்:
கிளம்புமுன் லைட்டின் உயரம் பார்த்தீர்களா? வலது செட்டைப் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். ரிலே வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறதா?

வெள்ளைக்கோடு:
பதில் வராது. இரண்டு சீட் வண்டியில் மச்சானின் பெட்டியை எங்கே வைப்பார் என்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சென்னை986:
முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. உங்கள் செடானைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

தொண்டி_லோடு:
வெள்ளிக்கிழமை ராத்திரி சத்திரக்குடி தாண்டி எதிரில் தாழ்வாக ஒரு நீல வண்டி வந்தது. இடது லைட் பரவாயில்லை. வலது நேராக என் கண்ணில். அவர்தானே?

மண்டபம்_பிட்டர்:
அவராகத்தான் இருக்கும். தம்பி, படிக்கிறீர்களா தெரியவில்லை. சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிம் போடுங்கள். லைட்டின் நடு உயரத்துக்கு ஒரு கோடு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரண்டு பக்கமும் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம். திருகும் இடம் எங்கே என்று சென்னை986 சொல்லட்டும். 35 வாட் பேலஸ்ட் கிடைத்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஏர்வாடி_தம்பி:
அந்த 55 வாட் பேலஸ்ட்டைக் கழற்றினால் எனக்குக் கொடுப்பீர்களா அண்ணே? பைக்குக்குத்தான்.

தொண்டி_லோடு:
கொடுக்காதீர்கள்.