கர்ப்பிணியிடம் மதுசாரம் பற்றிக் கேட்ட, கேட்கத் தவறிய தருணங்கள்: அனுபவப் பகிர்வு

மெல்போர்ன், மருத்துவிச்சி

பதினொரு ஆண்டுகளாகக் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறேன். முதல் வருகையில் மதுசாரம் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் வழக்கமாக எவ்வளவு, ஒரே தடவையில் அளவுக்கு அதிகமாகக் குடிப்பது எத்தனை முறை. ஆடிட்-சி என்று இதற்குப் பெயர். தொடக்க காலத்தில் நான் கணினியைப் பார்த்தபடியே, “நீங்கள் குடிப்பதில்லைதானே?” என்று ஒரே கேள்வியாக முடித்துவிடுவேன். பதிலையும் நானே சொல்லிக் கொடுத்துக் கேட்ட கேள்வி அது. எல்லோரும் “இல்லை” என்றார்கள். தமிழ்ப் பெண்களிடம் அதைக்கூடக் கேட்காமல், நம்மவர்கள் குடிக்க மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து “இல்லை” என்று பதிந்த நாட்களும் உண்டு.

அந்தப் பழக்கத்தை ஓர் இளம் பெண்தான் மாற்றினார். ஒன்பது வாரக் கர்ப்பம், யாழ்ப்பாணப் பின்னணி, அருகில் மாமியார். என் கேள்விக்குச் சிரித்தபடி தலையாட்டினார். பிறகு சிறுநீர்ப் பரிசோதனைக்கான குப்பியை வாங்கிக்கொண்டு நடைவழிக்கு வந்தவர், கழிப்பறைப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றார். குப்பியின் மஞ்சள் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, “அக்கா, ஒரு விஷயம் கேட்கலாமா?” என்றார். கர்ப்பம் என்று தெரிவதற்கு ஒரு வாரம் முன்னர், அலுவலகத்தில் ஒருவரின் பிரியாவிடை விருந்தில் மூன்று கிளாஸ் வைன் குடித்திருக்கிறார். அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் ஒரு மாதமாக ஒழுங்கான தூக்கமில்லை. இரவெல்லாம் கைபேசியில் தேடித் தேடிப் படித்திருக்கிறார். “பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?” என்று கேட்டபோது மூடி கீழே விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம்.

ஒன்றும் ஆகியிருக்காது என்று உறுதி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகியிருக்கும் என்று பயமுறுத்தவும் உரிமையில்லை. கர்ப்பகாலத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று எவராலும் ஒரு பாதுகாப்பான அளவைச் சொல்ல முடியவில்லை என்பதையும், தாயின் இரத்தத்திலுள்ள மதுசாரம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது, அதைச் சிதைத்து வெளியேற்றும் அளவுக்குச் சிசுவின் ஈரல் வளர்ந்திருக்காது என்பதையும் சொன்னேன். சிசுவின் மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்கிறது. ஆகவே நிறுத்திய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு நன்மைதான் என்றும் சொன்னேன். அவருடைய சம்மதத்துடன் கோப்பில் பதிந்து, வைத்தியருடனும் பேச ஏற்பாடு செய்தேன். அன்றிரவு என்னை வாட்டியது வேறொன்று: நடைவழியில் நிற்கும் துணிவில்லாத எத்தனை பேரை நான் அப்படியே அனுப்பிவைத்திருப்பேன்?

இப்போது கணவர், மாமியார், தாய் எவர் உடன் வந்தாலும், எல்லாக் கர்ப்பிணிகளிடமும் சில நிமிடங்கள் தனியாகப் பேசுகிறேன். “கர்ப்பம் என்று தெரியாத நாட்களில் பலர் குடித்திருப்பார்கள், உங்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன?” என்று தொடங்குகிறேன். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுவோரும் மதுசாரம் அருந்தக் கூடாது என்று ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டல் 2020 டிசம்பரில் தெளிவாகவே சொன்னது. அதை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு தீர்ப்பைப் போல முதலில் படித்துக் காட்டினால், அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது.

சிட்னி, மாணவர்

படிப்புச் செலவுக்காக மதுபானக் கடையொன்றில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். 2023 ஜூலை 31 முதல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பொதி செய்யப்படும் மதுபானங்களில் கர்ப்பகால எச்சரிக்கை கட்டாயம். அதற்கு முன்னர் அது உற்பத்தியாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. சிவப்பு மையில் அச்சிடுவது செலவு என்று மதுபானத் தொழில்துறை எதிர்த்தும், சிவப்பு நிலைத்தது. கர்ப்பிணியின் உருவத்தின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், அருகே மதுசாரம் உங்கள் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பாதிப்பை ஏற்படுத்தலாம் என்ற வாசகமும் இருக்கும்.

இவ்வளவு சிறிய படத்தால் என்ன பயன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மாலை, வயிறு தெரியத் தொடங்கிய பெண்ணொருவரும் கணவரும் வந்தார்கள். பிறந்தநாள் விருந்து போலும். “ஒரு கிளாஸ்தானே, ஒன்றும் ஆகாது” என்று கணவர் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் வாதிடவில்லை. போத்தலைத் திருப்பி, அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் நகத்தால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். கணவர் அதைத் திரும்ப வைத்துவிட்டு, இருவருக்குமாக மதுசாரமற்ற பானத்தை எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. ஆனால் தனியாக மறுத்துக்கொண்டிருந்தவருக்குச் சுட்டிக்காட்ட ஒன்று கிடைத்தது.

பேர்த், தாதி

நான் சில மாதங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள கிம்பர்லி பகுதியில் பணிபுரிந்தேன். அங்குள்ள ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2007-இல், அடுத்தடுத்த மரணச் சடங்குகளால் களைத்துப்போன ஆதிக்குடிப் பெண்கள்தாம், மதுசாரம் குறைந்தவற்றைத் தவிர மற்ற மதுபானங்களை எடுத்துச்செல்ல விற்பதைக் கட்டுப்படுத்தும்படி அரசிடம் கோரி வென்றார்கள். மதுசாரத்தால் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிய, ஆய்வாளர்களை அழைத்ததும் அந்தச் சமூகமே. 2002, 2003 ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைப் பரிசோதித்த அந்த ஆய்வின் பெயர் லிலில்வான். சின்னஞ்சிறுசுகள் அனைவரும் என்று பொருள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளையிடம் பாதிப்பு காணப்பட்டது. அதை வெளியே சொல்வது அந்தப் பெண்களுக்கு எளிதாக இருந்திருக்காது. நான் சந்தித்த பாட்டியொருவர், தாய்மாரைக் குற்றவாளிகளாகப் பேசினால் அவர்கள் கிளினிக்குக்கே வரமாட்டார்கள், அப்போது பிள்ளையையும் இழந்துவிடுவோம் என்றார். அதன்பின் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இந்த உண்மையை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

மெல்போர்ன், மருத்துவிச்சி (மீண்டும்)

பேர்த் சகோதரி சொன்ன பாட்டியின் சொற்களை எங்கள் கிளினிக்கில் பகிர்ந்துகொள்கிறேன். இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். “மது குடிப்பீர்களா?” என்ற கேள்விக்குள் அடங்காத மதுசாரமும் நம் வீடுகளில் இருக்கிறது. உடம்பு தேறவென்று ஊரிலிருந்து அனுப்பப்படும் அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் மதுசாரம் தானாகவே உண்டாகிறது. குடிப்பழக்கமே இல்லாத ஒரு கர்ப்பிணி, தாயார் அனுப்பினார் என்று காலையும் மாலையும் அதைக் குடித்துவந்ததைத் தற்செயலாகத்தான் அறிந்தேன். தாயாரைக் குறை சொல்லிவிடுவேனோ என்று அவர் தயங்கினார். அன்போடு அனுப்பியிருக்கிறார், ஆனாலும் வைத்தியரிடம் காட்டும்வரை நிறுத்திவைப்போம் என்றேன். அடுத்த முறை போத்தலைக் கொண்டுவந்தார். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே பிடித்தபோதுதான், பின்புறத்தில் தானாக உண்டாகும் மதுசாரத்தின் வீதம் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டோம். சிவப்பு வட்டம் எதுவும் அதில் இல்லை.