முற்றத்தில் வண்டி உயர்த்தியவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

டபுள் கெப்

நானே தொடங்குகிறேன். இல்லாவிட்டால் எல்லோரும் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.

என்னுடையது எல்.என்.106 ஹைலக்ஸ், பின்தொட்டி உள்ள பழைய டொயோட்டா கெப், நான்கு மூலையிலும் தகட்டு ஸ்பிரிங். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதிய கெப் என்பது பேச்சுக்குக்கூட இல்லை என்றாகிவிட்டது. இருக்கிற கிழவனையே நிமிர்த்துவோம் என்று பின்னால் பக்கத்துக்கு ஒரு தகடு கூட்டி இரண்டு அங்குலம் உயர்த்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான்.

மார்கழி மாதம். திருகோணமலைப் பக்கம், கும்புறுப்பிட்டி தாண்டிப் புல்மோட்டை வீதியில் பொழுதுபடும் நேரம். மழை விட்டதும் மாடுகள் சூடு தேடித் தார் ரோட்டில் வந்து படுக்குமே, அப்படி ஒரு பட்டி. பக்கத்தில் தங்கச்சி, அவள் மடியில் மகள். பின்தொட்டியில் எட்டுப் பை சீமெந்து. பிரேக்கை மிதித்தேன். முன்சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டு வழுக்கின. பின்பக்கமோ தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் தள்ளிக்கொண்டு வந்தது. வண்டி நின்றபோது ஒரு பசுவின் கொம்பு நம்பர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது எழும்பவில்லை. அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை.

அதன்பிறகு பிரேக்கில் மூன்று தரம் காற்று எடுத்தேன். லைனர் மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கராஜில் பாஸ் வண்டிக்கடியில் படுத்தபடியே ஒரு கம்பியைத் தட்டிக் காட்டி, "தம்பி, உயர்த்தும்போது இதை என்ன செய்தீர்?" என்று கேட்டார். பின்னச்சிலிருந்து சேசிஸில் இருக்கும் வால்வுக்குப் போகும் கம்பி அது. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நான் உடலை மேலே தூக்கிவிட்டேன். என் கணக்கில் தொட்டியில் நானூறு கிலோ சீமெந்து. வால்வின் கணக்கில் வண்டி வெறுமை. அச்சில் உள்ள தாங்கிக்குக் கீழே இரண்டு அங்குலத் துண்டு ஒன்று வைத்ததும் சரியாகிவிட்டது. அரைமணி நேர வேலை.

தங்கச்சி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகள்தான் எங்கே மாட்டைக் கண்டாலும் "மாமா, மெதுவாக" என்கிறாள்.

தம்பலகாமத்தான்

உங்களுக்காவது பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. என் வண்டி ஒன்றும் காட்டாமலே ஓடிக்கொண்டிருந்தது.

தகடு மாற்றும்போது யூ போல்ட்டுகளைப் பழையதையே திரும்பப் போட்டேன். காசுக்குப் பார்த்து அல்ல, பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன என்ற நினைப்பு. முறுக்கினேன், ஓடினேன், அதன்பிறகு அதில் ஸ்பானர் வைக்கவே இல்லை. ஒரு நாள் வயலுக்கு விதைநெல் கொண்டுபோகும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மச்சான் ஹோன் அடித்து மறித்தான். "வண்டி ஏன் நண்டு மாதிரிப் போகிறது?" என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் வலப்பக்கம் பின்சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் கை முழுதாக நுழைகிறது, இடப்பக்கம் இரண்டு விரல்தான் போகிறது. அச்சின் ஒரு பக்கம் மட்டும் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது! ஸ்பிரிங்கின் நடுப்போல்ட் அறுந்து, அறுந்த முகம் புதுக்காசு போல மினுங்கிக்கொண்டிருந்தது.

நடுப்போல்ட் அச்சுக்கு இடம் காட்டத்தான். பிடிப்பது யூ போல்ட். அது இளகினால் முழு இழுவையும் அந்தச் சின்னப் போல்ட்டின் கழுத்தில் விழும். இதெல்லாம் பிறகு படித்தது. முதல் நாள் மாலை அதே வண்டியில்தான் கந்தளாயிலிருந்து பிள்ளைகள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எண்பதில் வந்தேன்.

சாம்பல்தீவுப் பொடியன்

எங்கள் முற்றம் முழுக்கக் கடல்மணல். ஜாக்கிக்குக் கீழே பனம் பலகை வைத்தேன், ஆனால் ஒரே ஒரு பலகை. ஷாக் அப்சோர்பரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து, நான் படுத்திருந்த சாக்கின்மேல் பிரேக் டிரம்மை வைத்தது. சத்தமே இல்லை. சாக்கை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

காற்றிறக்கி

எல்லாம் வாசித்தேன், வருத்தம்தான். ஆனால் எதற்காக உயர்த்தினீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். முழு அச்சு உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் பானை நிலத்திலிருந்து ஓர் இழைகூட உயராது. உயர்வது உடல்தான். பானை உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். மணலில் ஓடத்தான் ஆசை என்றால் இரண்டுமே தேவையில்லை. காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்குங்கள். டயரின் தடம் நீண்டு மணலில் பாய் விரித்ததுபோல் படுக்கும். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் இடத்தில் பிறகு தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்காது. செலவு ஒரு சதமும் இல்லை.

அப்படியும் உயர்த்தித்தான் தீருவேன் என்பவர்களுக்குச் சில சொல்கிறேன். முன்னச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது அச்சு உருளப் பார்க்கும். பின்னால் வைத்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. பழைய மிட்சுபிஷி எல் 200 போல முன்னால் முறுக்குக்கம்பி உள்ள வண்டியில் போல்ட்டைத் திருகி உயர்த்திவிட்டு "ஸ்பிரிங் பலமாகிவிட்டது" என்று சொல்லித் திரியாதீர்கள். கம்பி அதே கம்பிதான். சில்லு கீழே இறங்கும் தூரம் குறைந்துபோவதால்தான் அப்படி இடிக்கிறது. ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் ரப்பர் புஷ்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்க வேண்டாம். சில்லு நிலத்தில் பாரத்தோடு நின்ற பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டுப்பட்டுச் சீக்கிரம் கிழியும். நீளமான ஷாக்கிள் வாங்குபவர்கள் கணக்கையும் வாங்குங்கள்: ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். தகட்டை வளைக்க நெருப்புக் காட்டுவதும், உடைந்த தகட்டுக்கு வெல்டிங் பிடிப்பதும் நடக்கிற காரியமா? பதம் போன தகடு வெறும் இரும்புப் பட்டை. பிரேக் ஹோஸின் நீளத்தைச் சில்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள், நிறுத்திவைத்துப் பார்க்காதீர்கள்.

என் அனுபவமா? ஒருமுறை காற்றை இறக்கிக் கடற்கரையில் ஓடிவிட்டுத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். தார் வீதியில் ஒரு வளைவில் முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டபுள் கெப்

அண்ணா, கடைசி நான்கு வரியைத்தான் நான் கேட்டேன்.

தம்பலகாமத்தான்

காற்றிறக்கி அண்ணாவுக்கு: நான் ஓடுவது மணலில் அல்ல. மாரியில் உழவு இயந்திரம் கிழித்துப் போட்ட தடத்தில் காற்றை இறக்கினால் பானை இன்னும் சேற்றுக்குள்தான் போகும். பெரிய டயர் போடச் சொன்னவரும் நீங்கள்தான். அது மட்காட்டில் தேய்க்காமல் இருக்க இடம் வேண்டாமா? அதற்குத்தான் உயர்த்தினேன்.

பாதைக்காலத்து ஆள்

கிண்ணியாப் பாலத்தை 2009இல் திறந்தார்கள். நான் சொல்வது அதற்கு முந்தியது, பாதையில் ஏற்றி வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோன காலம். (பாதை என்றால் ரோடு அல்ல, வண்டி ஏற்றும் மிதவை. மீதியைப் பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

வில்லீஸ் ஜீப்பில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தால் ஒரே நாளில் ஐந்தங்குல அளவு உயர்ந்துவிடும். ஒரு விடுமுறையில் நானும் தம்பியும் அதைச் செய்து முடித்தோம். ஸ்பிரிங் அமரும் தட்டுகளை வெட்டி மேலே ஒட்டினோம், அச்சின் மூக்கை மட்டும் பழைய கோணத்திலேயே விட்டுவிட்டோம். கியர்ப் பெட்டியிலிருந்து அந்த மூக்குக்கு வரும் புரோப்பெல்லர் ஷாஃப்ட் ஏணி போல நின்றது. ஓடும்போது ஆசனத்துக்கடியில் ஓர் அதிர்வு. பழகிவிடும் என்றான் தம்பி.

பாதையில் ஏறும் சரிவில், முதல் கியரில் கொஞ்சம் அழுத்தினேன். பின்னச்சு மூக்கை மேலே தூக்கியது. ஷாஃப்ட்டை மூக்கோடு இணைக்கும் கிராஸ் உடைந்தது. கீழே விழுந்த ஷாஃப்ட் முனை சுற்றிச் சுற்றிப் பலகையை உலக்கை போல இடிக்கிறது. சைக்கிளோடு நின்ற பள்ளிப் பிள்ளைகள் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். ஜீப் பின்னால், தண்ணீர்ப் பக்கம், உருளத் தொடங்கியது. கால் பிரேக் அந்த ஜீப்பில் எப்போதும் பெயருக்குத்தான். கைப்பிரேக்கை இழுத்தேன். ஒன்றுமே இல்லை, காற்றை இழுத்ததுபோல் வந்தது. அந்த ஜீப்பில் கைப்பிரேக் பிடிப்பது சில்லை அல்ல, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் அந்த ஷாஃப்ட்டைத்தான். ஷாஃப்ட்டே போன பிறகு எதைப் பிடிப்பது?

பாதைக்கார நானா கட்டையொன்றைக் காலால் சில்லுக்கடியில் தள்ளினார், ஜீப் நின்றது. ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. கூலியை மட்டும் இரண்டு மடங்காக வாங்கினார். கொடுத்தேன்.

உப்புவெளி அக்கா

நான் வண்டி திருத்துபவள் அல்ல, திருத்துபவரின் மனைவி. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இவர் எழுதமாட்டார்.

டிஃபென்டர். தகடு இல்லை, சுருள் ஸ்பிரிங். இவர் கொஞ்சம் நீளமான சுருள் இரண்டு வாங்கிவந்தார். அதை அமுக்கிப் பிடிக்க லேத்தில் இரண்டு கம்பிக்குப் புரி வெட்டிக் கொக்கி வைத்துக்கொண்டார். ஒன்றைப் பூட்டியாயிற்று. இரண்டாவதுக்கு முறுக்கிக்கொண்டிருந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

வெடிச்சத்தம் அல்ல. கோயில் மணியை ஒரே ஒருதரம் அடித்து நிறுத்தியதுபோல் ஒரு சத்தம். உடனே குசினிக் கூரைச் சீற் உடைந்து துண்டுகள் அடுப்பங்கரையில் விழுந்தன. பிறகு ஒன்றுமில்லை. "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிடப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் வெளியே போக என் கால் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையில் இருந்த தேங்காய்ப் பாதியில் என் விரல் பதிந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போய்ப் பார்த்தால் மனிதர் கிணற்றுக்கட்டில் இருக்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தபடி, "நல்ல ஸ்பிரிங்" என்றார்.

ஓட்டைக்குத் தகரம் அடித்தார். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

காற்றிறக்கி

அக்கா, லேத்தில் வெட்டிய கம்பியை நம்பவே கூடாது. அதற்கென்று கருவி விற்கிறது. இரண்டு கொக்கியையும் சுருளின் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டு மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கூடவே சுருளையும் அச்சையும் சேர்த்து ஒரு சங்கிலி கட்டிவிட்டால்

உப்புவெளி அக்கா

தம்பி, நான் ஒன்றும் கேட்கவில்லையே.

குச்சவெளி 4x4

அக்கா, தவறாக எடுக்க வேண்டாம். அந்தச் சுருள் இன்னும் இருக்கிறதா? நீளம் தெரிந்தால் சொல்லுங்கள். ஜோடியாக என்றால் நான் எடுக்கிறேன்.

உப்புவெளி அக்கா

ஒன்றுதான் இருக்கிறது, கிணற்றடியில். அதற்குள் கோழி அடைகிடக்கிறது. மற்றது வண்டியில் பூட்டியபடி, அதனால் வண்டியும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கிறது. இவரிடம் கேட்டுச் சொல்கிறேன். ஆனால் குஞ்சு பொரித்ததும் தானே திரும்பப் பூட்டப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.