ஆரே காடும் தாராவி வீடும்: யாருக்காகக் காப்பாற்றுகிறோம்?

முலுண்ட்வாசி:
மும்பையில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக 2019 அக்டோபரில் ஆரே காட்டில் ராத்திரியோடு ராத்திரியாக வெட்ட ஆரம்பித்தார்கள். உச்ச நீதிமன்றம் தடை போடுவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. இன்றைக்கும் இதைப் பேசினால், "மரத்தையே கட்டிக்கொண்டிருந்தால் ஏழை எப்போது முன்னேறுவான்?" என்கிறார்கள். ஆரேயில் இருபதுக்கும் மேற்பட்ட பாடாக்களில், அதாவது குக்கிராமங்களில், வார்லி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கீரை, காய் பயிரிட்டு விற்கிறவர்கள். அவர்களும் ஏழைகள்தான். காடு போனால் முதல் அடி அவர்களுக்கு.

தாராவிக்காரன்:
அண்ணே, காலை எட்டரைக்கு சயான் ஸ்டேஷனில் ஏறிப் பாருங்கள். வாசலில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். இப்போது எங்கள் தாராவிக்கே மெட்ரோ வந்துவிட்டது. ஆரேயிலிருந்து தென் மும்பையின் கஃப் பரேடு வரை 33 கி.மீ. ஓடுகிற ரயிலை எங்காவது நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டாமா? சாலையில் வண்டி குறைந்தால் புகையும் குறையும். அது பருவநிலைக்கு நல்லதில்லையா?

செம்பூர் வாசகி:
மெட்ரோ வேண்டும், சரி. வெட்டியதற்குப் பதிலாக வேறெங்கோ நடுகிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். 2030க்குள் மரங்களைக் கொண்டு கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சுவோம் என்று இந்தியா உறுதி கொடுத்திருக்கிறது. ஒரு ஹெக்டேரில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தாலே அரசுக் கணக்கில் அது காடு. அப்படிப் பார்த்தால் தைல மரத் தோப்பும் காடுதான். அதில் கிழங்கு தோண்ட முடியுமா?

காடு மக்கள் கையில் இருந்தால் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம்: மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு பழங்குடி கிராமம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அந்த ஊருக்கு உரிமை கிடைத்தது. ஆனாலும் மூங்கிலை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதிச் சீட்டுத் தர மறுத்தது. 2011இல் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய்த்தான் அதைக் கொடுக்க வைத்தார். அதன் பிறகு மூங்கில் பணம் கிராம சபைக்கே வந்தது.

தாராவிக்காரன்:
அக்கா, அங்கே காடு பெரிது, ஜனம் குறைவு. இங்கே அப்படியா? நாங்கள் இரும்பு ஏணியில் ஏறிப்போகிற மாடியறையில் ஐந்து பேர் இருக்கிறோம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் மாடிவாசிகளுக்குத் தாராவிக்கு வெளியேதான் வாடகை வீடாம். அதற்காகக் கிழக்குப் புறநகர்களான முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்கில் 255 ஏக்கர் உப்பளம் ஒதுக்கியிருக்கிறார்கள். உடனே "உப்பளத்தைத் தொடாதே" என்று எதிர்ப்பு. முலுண்ட் அண்ணனும் அதில் ஒருவரா? எங்களை உங்கள் பக்கத்தில் குடிவைக்க மனமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

முலுண்ட்வாசி:
தம்பி, நானும் எதிர்க்கிறேன், ஒளிக்கவில்லை. முலுண்டில் சிலர் நீங்கள் சொல்கிற காரணத்துக்காகவே எதிர்க்கிறார்கள், அதுவும் உண்மை. எனக்கு அவர்களோடு உடன்பாடு கிடையாது. ஆனால் 2005 ஜூலை 26 ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரே நாளில் 944 மி.மீ. மழை. அந்தத் தண்ணீர் தேங்கி வடிகிற தாழ்ந்த நிலத்தில்தான் உங்களுக்கு வீடு என்கிறார்கள். வேலையும் தொழிலும் தாராவியில் இருக்க, அங்கேயே எல்லாருக்கும் வீடு என்று கேளுங்கள். ஊர்வலத்துக்கு நானும் வருகிறேன்.

தாராவிக்காரன்:
வாருங்கள். ஆனால் அங்கே இடம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டால், கிடைக்கிற உப்பளத்தை நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.