கடற்கரையில் அம்மாவின் மோதிரம் தொலைந்துவிட்டது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மழைக்காலம் எழுதியது:

நேற்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். நான், கணவர், ஆறு வயது மகன், மூன்று வயது மகள், அப்பா. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வெளியே வரச் சம்மதித்தது இதுதான் முதல் முறை. அந்த நாளில் போய் அம்மாவின் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மெல்லிய தங்க மோதிரம், கல் கிடையாது. அம்மா நாற்பது வருடம் கழற்றாமல் போட்டிருந்ததில் ஒரு பக்கம் தகடு மாதிரி தேய்ந்திருக்கும். அடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், அம்மாவுக்கே அது கொஞ்சம் பெரிது. எனக்கு மோதிர விரலில் நிற்காது, நடுவிரலில் போட்டிருந்தேன்.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காய்ந்த மணலில் துண்டு விரித்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சன்ஸ்கிரீன் தேய்த்தேன். வழக்கமாக அதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி மடியில் வைப்பேன். நேற்று கழற்றினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்புறம் மகன் இழுத்துக்கொண்டு போக, இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்றேன். நல்ல குளிர். பிறகு கரையோர ஈர மணலில் அவனோடு கோட்டை கட்டி அகழி தோண்டினேன். ஐந்தரைக்கு மகளின் முகத்தைத் துடைக்கும்போதுதான் விரலைப் பார்த்தேன்.

இருட்டும் வரை தேடினோம். கணவர் போன் வெளிச்சத்தில் கையால் மணலை அளைந்தார். மகன் ஒவ்வொரு சிப்பியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து "இதுவா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கார் சாவியைத் தேடுகிறோம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

தண்ணீரில்தான் விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது. அலை அதை இழுத்துக்கொண்டு போயிருக்குமா? மெட்டல் டிடெக்டர் உதவுமா? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

---

ஈரமணல் எழுதியது:

பத்து வருடத்துக்கு மேல் கடற்கரையில் டிடெக்டரோடு நடப்பவன் நான். முதலில் ஒன்று சொல்கிறேன்: தங்கம் அலையில் மிதந்து போகிற பொருள் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் சுத்தத் தங்கம் 19.3 கிராம். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அது 2.65 கிராம்தான். அதனால் அலை மணலைக் கலக்கக் கலக்க மோதிரம் விழுந்த இடத்துப் பக்கத்திலேயே கீழே இறங்கும். பிரச்சினை தூரம் அல்ல, ஆழம்.

தண்ணீரில் விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. குளிரில் விரல் சுருங்கும், கிரீம் வழுக்கும். ஆனால் இப்போதே அப்படி முடிவு கட்டாதீர்கள். தண்ணீர், ஈர மணல், காய்ந்த மணல் மூன்றுக்கும் தேடும் விதம் வேறு. உப்பு நீர் ஊறிய மணலில் மின்சாரம் பாயும் என்பதால், ஒரே அலைவரிசையில் இயங்கும் சாதாரண டிடெக்டர் அங்கே சும்மா கத்திக்கொண்டே இருக்கும். பல அலைவரிசைக் கருவியோ, விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகையோ வேண்டும். காய்ந்த மணலுக்குச் சாதாரணக் கருவியே போதும்.

எனவே இன்று செய்யவேண்டியது ஒன்றுதான். நேற்று எடுத்த படங்கள் அத்தனையையும், எல்லார் போனிலிருந்தும், நேர வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி உங்கள் விரலைப் பாருங்கள். மோதிரம் இருக்கும் கடைசிப் படம் எது, இல்லாத முதல் படம் எது? தேட வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

---

தென்றல்வீடு எழுதியது:

கரையில் இருக்கும் உயிர்காப்பாளர்களுக்கு இப்போதே தகவல் சொல்லுங்கள். சில கடற்கரைகளில் அதிகாலையில் இயந்திரம் வைத்து மணலைச் சீவிச் சுத்தம் செய்வார்கள். அங்கேயும் அப்படி உண்டா, எப்போது என்று கேளுங்கள். சில இடங்களில் டிடெக்டர் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும், அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். என் தாத்தாவின் கைக்கடிகாரத்தைத் தொலைத்துவிட்டு, பாட்டியிடம் நான்கு மாதம் மறைத்தேன். கடிகாரம் போனதற்கு அவர் அழவில்லை. அந்த நான்கு மாதமும் நான் தனியாகத் தவித்ததற்குத்தான் அழுதார்.

---

மழைக்காலம் எழுதியது:

ஈரமணல், கை நடுங்குகிறது. 3:52 படத்தில் மகளுக்குத் தொப்பி மாட்டுகிறேன், மோதிரம் இருக்கிறது. 4:07க்கு மகன் என் போனை வாங்கி ஒரு நாயைப் படம் எடுத்திருக்கிறான். அதன் ஓரத்தில் நான் நின்றுகொண்டு துண்டை உதறுகிறேன். விரலில் மோதிரம் இல்லை. அதுவரை நான் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை!

அப்படியென்றால் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன், எழுந்தபோது துண்டில் விழுந்திருக்கிறது, அதை நானே உதறிவிட்டேன். பின்னால் சிவப்புக் கொடிக்கம்பமும் ஒரு மரப்பலகையும் தெரிகின்றன. இயந்திரம் வியாழக்கிழமைதான் வருமாம். டிடெக்டருக்கும் தோண்டவும் சரி என்றார்கள், குழியை மூடிவிட வேண்டுமாம்.

---

ஈரமணல் எழுதியது:

உங்கள் மகனுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள்.

காய்ந்த மணல் என்றால் கடல் ஏறி இறங்கும் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். இயந்திரம் வருவதற்குள் போய்விடுங்கள். படத்தை எடுத்த இடத்தில் ஒருவர் போனோடு நிற்கட்டும். கம்பமும் பலகையும் படத்தில் இருப்பது போலவே ஒன்றுசேர்ந்து தெரிகிற கோணம் வரும்வரை நகரச் சொல்லுங்கள். அங்கிருந்து நீங்கள் நின்ற இடத்தைப் பிடித்துவிடலாம். அதைச் சுற்றி ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் கயிறு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதறிய துண்டிலிருந்து மோதிரம் இரண்டு மூன்று மீட்டர்கூடத் தெறிக்கும், காற்று வீசிய பக்கம் கூடுதலாக விடுங்கள். கட்டிய இடத்துக்குள் யாரும் வீணாக நடக்க வேண்டாம். மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும்.

டிடெக்டரில் குப்பையை ஒதுக்கும் வசதி இருக்கும். அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். குப்பையை ஒதுக்கினால் மோதிரமும் அதோடு போய்விடும். சத்தம் வந்த ஒவ்வோர் இடத்தையும் தோண்டுங்கள். பத்தாவது பாட்டில் மூடி கிடைக்கும்போது சலிப்பு வரும், அங்கேதான் நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

---

மழைக்காலம் எழுதியது:

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

முந்தின நாள் ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த நூலைச் சுத்தினதே நான்தான். அளவு தெரியாம வாங்கிட்டேன். மாத்தித் தரேன்னா வேண்டாம்னுட்டா உங்கம்மா. நூல் நைஞ்சு போறப்பல்லாம் எங்கிட்டதான் கையை நீட்டுவா" என்றார். எனக்கு இது தெரியவே தெரியாது. அம்மாவே சுற்றிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

காலையில் எங்களுக்கு முன்னால் கிளம்பி, சல்லடையோடு காரில் உட்கார்ந்திருந்தார். கணவரின் நண்பர் டிடெக்டர் கொடுத்தார். கோணம் பிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. முதல் இரண்டு பாத்தியில் மூடிகள், தாள், ஒரு நாணயம், கொண்டை ஊசி. மூன்றாவதில் லேசாக ஒரு சத்தம். அதுவும் தாள்தான் என்று கணவர் சொன்னார். நீங்கள் எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டு தோண்டினேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். சல்லடையில் முதலில் தெரிந்தது சிவப்பு நூல்தான்.

அப்பாதான் எடுத்தார். துடைத்துச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டார். தோண்டிய குழிகளை மகன் ஒவ்வொன்றாக மூடினான்.

இன்று காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய நூலைப் பிரித்துவிட்டு, புது நூலாகக் கூடவே நாலு சுற்று சேர்த்துச் சுற்றித் தந்தார். இப்போது மோதிர விரலிலேயே நிற்கிறது.