108 வண்டியிலேயே மூளை ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்க மைக்ரோவேவ் கருவி: எங்கே தொடங்குவது?

திருப்பரங்குன்றம் இசிஇ:
வணக்கம், இறுதியாண்டு மாணவர்கள் நாங்கள். பேரையூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் போன இடத்தில் சி.டி. ஸ்கேன் இல்லை, மறுபடி வண்டி ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் போய்விட்டது. தலையைச் சுற்றி ஆன்டெனாக்கள் வைத்து, பக்கவாதத்துக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வண்டியிலேயே சொல்லும் கருவி செய்யலாம் என்று இருக்கிறோம். எந்த அலைவரிசை? மூளைக்குப் பதில் எதை வைத்துச் சோதிப்பது?

வாடிப்பட்டி ஆர்எஃப்:
தம்பி, கட்டாயம் செய்யுங்கள். ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு முதலில் சைக்கிள் ஹெல்மெட்டில்தான் ஆன்டெனாக்களைப் பொருத்தி நோயாளிகளிடம் சோதித்தது, 2014-இல் கட்டுரை வந்தது. 0.5 முதல் 2 கிகாஹெர்ட்ஸுக்குள் இருங்கள். அதற்கு மேலே போனால் மண்டைக்குள்ளேயே அலை தேய்ந்துவிடும், ரொம்பக் கீழே இறங்கினால் சின்னக் கசிவு தெரியாது. 1 கிகாஹெர்ட்ஸில் ரத்தத்தின் டைஎலக்ட்ரிக் மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்ற அளவு) சுமார் 60, மூளையின் சாம்பல் பகுதிக்கு 52, வெள்ளைப் பகுதிக்கு 39. இந்த இடைவெளியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். மாதிரி மூளைக்கு ஜெலட்டின், தண்ணீர், சர்க்கரை, உப்பு போதும். சர்க்கரை கூடினால் மாறிலி குறையும், உப்பு கூடினால் மின்கடத்துதிறன் ஏறும்.

உண்மையான தலைவலி முடிதான். ஆன்டெனாவுக்கும் தலைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி மாறினாலே கசிவின் சிக்னல் அதில் அமுங்கிப்போகும். நம் ஊரில் எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்ட அம்மாக்கள்தான் நிறைய, எண்ணெயின் மாறிலியோ வெறும் 3-க்குள். அதற்கென்று திரவப் பை வைத்து அழுத்தும் அமைப்பு ஒன்றை இப்போதே யோசியுங்கள்.

அவசரப்பிரிவு டாக்டர்:
ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஆனால் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிரே போகலாம். அதனால் உங்கள் கருவி "கசிவு இல்லை" என்றாலும் சி.டி. பார்க்காமல் நான் ஊசி போட மாட்டேன். அதன் வேலை வேறு: உசிலம்பட்டியில் ஏற்றும்போதே, இவரை எங்கும் இறக்காமல் நேராக சி.டி.யும் நரம்பு அறுவை சிகிச்சையும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோ என்று சொல்ல வேண்டும், எங்களுக்கும் முன்கூட்டியே தகவல் வர வேண்டும். அது நடந்தாலே எத்தனையோ பேர் கை கால் தப்பும்.

பயோமெடிக்கல் அக்கா:
டாக்டர் சொன்னது சரி. இன்னொன்று, நல்ல ஆட்களை லேபிலும் நோயாளிகளை வார்டிலும் அளந்து, சிக்னலைப் பார்த்து முடிவு சொல்லும் மென்பொருளைப் பழக்காதீர்கள், அது மூளையை விட்டுவிட்டு அறையையும் கட்டிலையும் கற்றுக்கொள்ளும். ஒரே அறையில், சி.டி.க்குப் போகும் நோயாளிகளையே அளந்து, சி.டி. முடிவோடு ஒப்பிடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் யார் தலையிலும் வைக்கக் கூடாது, நண்பன் தலையிலும்கூட.

திருப்பரங்குன்றம் இசிஇ:
ரொம்ப நன்றி. கடையில் விற்கும் ஜெலட்டின் தூளே போதுமா அண்ணே?

வாடிப்பட்டி ஆர்எஃப்:
போதும். ஆனால் மதுரை வெயிலில் திறந்து வைத்தால் தண்ணீர் வற்றி அளவெல்லாம் மாறிவிடும். காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், அளக்கும் முன் அறைச் சூட்டுக்கு வரட்டும்.