டைம்அவுட் ஆன பிறகு வந்து சேர்ந்த பதில்: சாக்கெட் கிளையன்ட்டை ஏசிங்க்குக்கு மாற்றிய அனுபவம்

ஒரு நூற்பாலையின் மின் அளவீட்டு மென்பொருளை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆலை முழுக்க 240 மீட்டர்கள் இருக்கின்றன. ரிங் ஃபிரேம், கம்ப்ரசர், லைட்டிங் பேனல் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி மீட்டர். பதினைந்து பதினைந்தாக ஆர்எஸ்-485 என்ற தொடர்புக் கம்பியில் கோத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு கேட்வேயில் கொண்டுபோய் முடித்திருக்கிறார்கள். ஆக 16 கேட்வே. நெட்வொர்க் வழியாக மீட்டர்களோடு பேசும் முறையான மோட்பஸ் டிசிபியில் 502ஆம் போர்ட்டில் கேட்டால், கேட்வே அந்தக் கேள்வியைக் கம்பியில் மீட்டருக்கு அனுப்பிப் பதிலை வாங்கித் தரும். கேட்கும் கிளையன்ட்தான் என் புரோகிராம். அது ஓடும் சர்வர் ஆலையில் இல்லை, தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. நடுவில் விபிஎன்.

பழைய கோட் பைதானில் எழுதிய சாதாரண பிளாக்கிங் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை; பதில் வரும் வரை புரோகிராம் அங்கேயே நிற்கும்). இணைப்பைத் திற, கேள்வியை அனுப்பு, பதிலைப் படி, மூடு, அடுத்த மீட்டருக்குப் போ. 9600 பாட் வேகத்தில் ஒரு பைட் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். 40 ரெஜிஸ்டர் (மீட்டரில் அளவுகள் இருக்கும் இரண்டு பைட் இடங்கள்) கேட்டால் கம்பியில் 85 பைட் திரும்பி வரும். எல்லாம் சேர்த்து ஒரு மீட்டருக்கு 200 மில்லி செகண்ட் என்று வைத்தால் 240 மீட்டருக்கு 48 செகண்ட். நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓட அது போதுமானதாக இருந்தது.

ஒரு கேட்வே செத்துப்போகும் நாளில்தான் சிக்கல். படிப்பதற்கு டைம்அவுட் வைத்திருந்தேன், கனெக்டுக்கு வைக்கவில்லை. எதிர்முனையிலிருந்து எந்தச் சத்தமும் வராவிட்டால் எங்கள் லினக்ஸ் சர்வர் இணைப்புக் கோரிக்கையை ஆறு முறை திரும்ப அனுப்பும். இடைவெளி 1, 2, 4 என்று இரட்டித்து 64 செகண்ட் வரை போகும், கூட்டினால் 127 செகண்ட். அந்த கேட்வேயில் 15 மீட்டர். 127ஐப் பதினைந்தால் பெருக்குங்கள், அரை மணி நேரத்துக்கு மேல். ஒரு பெட்டிக்கு மின்சாரம் போனதற்காக மற்ற 225 மீட்டரின் கணக்கும் அரை மணி நேரம் நின்றுவிடும்.

கனெக்டுக்கு டைம்அவுட் வைத்து, 16 த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளைகள்) போட்டாலே தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். இந்த அளவுக்குத் தீர்ந்துவிடும்தான். ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போதே மற்ற வேலைகளையும் நடத்தும் ஏசிங்க் பக்கம் நான் போகக் காரணம், பாதியில் நிற்கும் வேலையை வெளியிலிருந்து ரத்து செய்ய முடிவது. பைதான் த்ரெட்டை அப்படி நிறுத்த நேரான வழி கிடையாது. இன்னும் இரண்டு ஆலைகளைச் சேர்க்கும் திட்டமும் இருந்தது.

முதல் நாள் செய்த தவறு எல்லோரும் செய்வதுதான். ஃபங்ஷன்களின் முன்னால் ஏசிங்க் போட்டேன், அழைக்கும் இடத்தில் 'காத்திரு' என்னும் அவெயிட் போட்டேன், 240 மீட்டரையும் ஒரே நேரத்தில் ஓடும்படி ஒரே கேதரில் கொட்டினேன். ஒரு கேட்வேயின் கதவை ஒரே நேரத்தில் 15 இணைப்புகள் தட்டின. எங்கள் கேட்வேக்கள் நான்கைந்து இணைப்புக்கு மேல் தாங்காதவை, மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டன. தாங்கினாலும் பயனில்லை. பின்னால் இருப்பது ஒற்றைக் கம்பி, அதில் ஒரு சமயத்தில் ஒரு மீட்டர்தான் பேச முடியும். அதனால் கேட்வேக்கு ஒரே இணைப்பு, அதை மூடாமல் வைத்துக்கொள்வது, ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஒரு லாக், அதன் பின்னால் மீட்டர்கள் வரிசையில் நிற்பது என்று மாற்றினேன். சுற்று மூன்று செகண்டில் முடிந்தது. செத்த கேட்வே தன் 15 மீட்டரை மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அன்று உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆலையின் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் போன் செய்தார். "தம்பி, லைட்டிங் பேனல் தொண்ணூறு கிலோவாட் இழுக்குதுன்னு உங்க ஸ்கிரீன் சொல்லுது. நான் பேனல் முன்னாடிதான் நிக்கிறேன், மீட்டர்ல பதினொண்ணுதான் இருக்கு. கம்ப்ரசர் லோட இங்க காட்டுதான்னு பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. அந்த கேட்வேயில் ஏழாம் மீட்டரின் அளவு எட்டாம் மீட்டரின் பெயரில், எட்டின் அளவு ஒன்பதின் பெயரில் என்று எல்லாம் ஒரு இடம் தள்ளிப் பதிவாகியிருந்தன. எர்ரர் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: ஏழாம் மீட்டர், டைம்அவுட். அதுவும் நான்கு மணி நேரத்துக்கு முன்னால்.

நடந்தது இதுதான். ஏழாம் மீட்டர் ஒரு செகண்டுக்குள் பதில் தரவில்லை. என் கோட் காத்திருப்பதை நிறுத்திவிட்டு, அதே இணைப்பில் எட்டாம் மீட்டருக்கான கேள்வியை அனுப்பியது. அதற்குள் ஏழின் பதில் தாமதமாக வந்து பஃபரில் (படிக்கும் வரை பைட்டுகள் காத்திருக்கும் இடம்) உட்கார்ந்துவிட்டது. எட்டுக்கு என்று படித்தபோது கையில் கிடைத்தது ஏழு. அப்புறம் ஒவ்வொருவருக்கும் முந்தியவரின் பதில். எல்லாக் கேள்வியும் அதே 40 ரெஜிஸ்டர் என்பதால் நீளம் சரியாகப் பொருந்தியது. எங்கும் பிழை தெரியவில்லை.

பழைய கோடில் ஏன் இது வரவில்லை? ஒவ்வொரு மீட்டருக்கும் சாக்கெட்டைத் திறந்து மூடினோம். தாமதமாக வந்த பதில் மூடிய சாக்கெட்டோடு செத்துப்போனது. அந்தப் பாதுகாப்பை யாரும் யோசித்து வைக்கவில்லை, தானாக அமைந்திருந்தது. இணைப்பை நிரந்தரமாக்கிய அன்று அதை நானே எடுத்துவிட்டேன், எடுத்தது தெரியாமலேயே. பிளாக்கிங் கோடில் கேள்வியும் பதிலும் ஜோடியாக இருப்பதை அந்த வரிகளின் வரிசையே காப்பாற்றிக் கொடுக்கும். ஏசிங்க்கில் அந்தக் காவல் கிடையாது. எந்தப் பதில் யாருக்கு, சாக்கெட்டிலிருந்து படிக்கும் உரிமை யாருக்கு, இரண்டையும் நாமே எழுதி வைக்க வேண்டும்.

மோட்பஸ் டிசிபியில் இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் ஏழு பைட் தலைப்பு: டிரான்ஸாக்ஷன் எண் இரண்டு பைட், புரோட்டோகால் எண் இரண்டு, நீளம் இரண்டு, எந்த மீட்டர் என்று சொல்லும் யூனிட் எண் ஒன்று. டிரான்ஸாக்ஷன் எண்ணைப் பதிலில் அப்படியே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. நான் அதில் எப்போதும் பூஜ்யம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். வந்த யூனிட் எண்ணையும் சரிபார்க்கவில்லை.

எண்ணைச் சரிபார்ப்பதோடு வேலை முடியவில்லை. தலைப்பின் ஏழு பைட்டைப் படித்துவிட்டு, செய்தியின் மிச்சப் பகுதியான உடலுக்காகக் காத்திருக்கும்போது டைம்அவுட் அடித்தால், தலைப்பு பஃபரிலிருந்து ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அடுத்து வரும் உடலின் முதல் ஏழு பைட்டைப் புதிய தலைப்பு என்று நினைத்துப் படிப்போம். அதில் நீளம் என்று நாம் எடுப்பது யாரோ ஒரு மீட்டரின் வோல்டேஜாக இருக்கும்.

கடைசியில் நின்ற வடிவம்: ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வாசிப்பு டாஸ்க் (பின்னணியில் ஓடும் தனி வேலை). சாக்கெட்டிலிருந்து படிப்பது அது மட்டும்தான், அதற்கு டைம்அவுட்டே கிடையாது. கேட்பவர் புதிய டிரான்ஸாக்ஷன் எண் ஒன்றை எடுத்து, அந்த எண்ணுக்கு ஒரு ஃபியூச்சரை (பின்னால் வரப்போகும் பதிலுக்கான காலி இடம்) டிக்ஷனரி என்ற அட்டவணையில் வைத்துவிட்டு அதற்காகக் காத்திருப்பார். டைம்அவுட் அந்தக் காத்திருப்புக்கு மட்டும். அது தீர்ந்தால் டிக்ஷனரியிலிருந்து எண்ணை எடுத்துவிடுவார். தாமதமான பதில் வரும்போது அந்த எண்ணுக்கு ஆள் இல்லை என்று வாசிப்பு டாஸ்க் அதைக் கீழே போட்டுவிடும். செய்தி முழுசாகப் படிக்கப்பட்டுவிடுவதால் அடுத்த செய்தியின் எல்லை கெடாது.

தவறாகப் பதிவான நான்கு மணி நேரக் கணக்கை சூப்பர்வைசர் அண்ணனோடு போனில் உட்கார்ந்து மீட்டர் மீட்டராகத் திருத்தினேன். அவர் நேரில் போய்ப் பார்த்திருக்காவிட்டால் அந்த மாத மின்செலவுக் கணக்கே தப்பான பிரிவின் தலையில் ஏறியிருக்கும்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். நீங்கள் சொன்ன "தானாக அமைந்த பாதுகாப்பு" என் கதையிலும் உண்டு. மொழி வேறு. பஸ்ஸில் பொருத்தும் ஜிபிஎஸ் பெட்டிக்கு சி மொழியில் கிளையன்ட் எழுதினோம். லினக்ஸ், எந்த சாக்கெட் தயார் என்று சொல்லும் அதன் இபோல் வசதி, மொபைல் நெட்வொர்க்.

காத்து நிற்காத நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் கனெக்ட் அழைத்தால் உடனே ஈ-இன்ப்ராக்ரஸ் (முயற்சி நடக்கிறது) என்று திரும்பிவிடும். பிறகு சாக்கெட் எழுதத் தயார் என்று இபோல் சொல்லும். தயார் என்றால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இணைப்பு மறுக்கப்பட்டாலும் அதே "தயார்" வரும். சாக்கெட்டின் எஸ்ஓ-எர்ரர் என்ற பிழை மதிப்பைக் கேட்டு, அது பூஜ்யமாக இருந்தால்தான் இணைப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, அலுவலகத்து வைஃபையில் இணைப்பு மறுக்கப்படவே இல்லை என்பதால்.

இன்னொன்று அனுப்புவது. பிளாக்கிங் சாக்கெட்டில் 4,000 பைட் அனுப்பச் சொன்னால் அத்தனையும் கர்னல் வாங்கிக்கொள்ளும் வரை சென்ட் காத்திருந்தது. திரும்பி வந்த எண்ணை நாங்கள் பார்த்ததே இல்லை. நான்-பிளாக்கிங்கில் சிக்னல் மோசமான ஊர்களில் பஃபர் நிறைந்து, 1,300 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. மிச்சத்தை யாரும் அனுப்பவில்லை. மலைப்பாதையில் போகும் பஸ்கள் மட்டும் சர்வரில் தப்புத் தப்பாகத் தெரிந்தன.

சரி என்று மிச்சத்தை வைத்துக்கொள்ள ஒரு பஃபர் எழுதி, எழுதத் தயாரானால் சொல் என்று இபோலிடம் நிரந்தரமாகப் பதிந்து வைத்தேன். சாக்கெட் பெரும்பாலான நேரம் எழுதத் தயாராகத்தானே இருக்கும்? லூப் நிற்காமல் சுற்றியது, சிபியு நூறு சதவீதம், பெட்டி தொட முடியாத சூடு. அனுப்ப மிச்சம் இருக்கும்போது மட்டும் பதிய வேண்டும், தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

* * *

அண்ணா, உங்கள் ஃபியூச்சர் முறையையே நானும் பயன்படுத்துகிறேன். என் தலைவலி வேறு இடத்தில் இருந்தது. எங்களுடையது எம்கியூடிடி (புரோக்கர் என்ற நடு சர்வர் வழியாகச் செய்தி பரிமாறும் முறை) கிளையன்ட், பைதானின் ஏசிங்க் நூலகமான ஏசிங்க்ஐஓ. உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டிய இடைவெளியான கீப்-அலைவ் 60 செகண்ட். அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 செகண்ட் வரை கிளையன்ட்டிடமிருந்து எதுவும் வராவிட்டால் புரோக்கர் இணைப்பை வெட்ட வேண்டும் என்பது விதி. தினமும் இரவு 12 மணியைத் தாண்டிய சற்று நேரத்தில் வெட்டியது. நெட்வொர்க் குழுவோடு பத்து நாள் வாக்குவாதம் செய்தேன், அவர்களிடம் மன்னிப்பும் கேட்டேன்.

12 மணிக்கு அன்றைய அறிக்கையைத் தயாரிக்கும் ஃபங்ஷன், எல்லா டாஸ்க்குகளையும் முறை வைத்து ஓட்டும் அதே லூப்பில் ஓடியது. உள்ளே சாதாரண டேட்டாபேஸ் டிரைவர், அவெயிட் எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் லூப்பையே பிடித்துக்கொண்டது. பிங் அனுப்ப வேண்டிய டாஸ்க்குக்கு அந்த நேரத்தில் முறையே வரவில்லை. ஏசிங்க்ஐஓவின் டீபக் நிலையை இயக்கியதும், 100 மில்லி செகண்டுக்கு மேல் லூப்பைப் பிடிக்கும் எதையும் பெயரோடு பதிவேட்டில் எழுதியது. அதை முதல் நாளே இயக்கியிருக்க வேண்டும். அறிக்கையை டு-த்ரெட் மூலம் வேறு த்ரெட்டுக்குத் தள்ளினேன், அன்றோடு சரி.

உங்கள் வாசிப்பு டாஸ்க்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை உருவாக்கிவிட்டு எந்த வேரியபிளிலும் வைக்காமல் விட்டுவிடாதீர்கள். லூப் டாஸ்க்குகளை வலுவாகப் பிடித்து வைப்பதில்லை, வீக் ரெஃபரன்ஸ் மட்டும்தான். வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் பாதி ஓட்டத்திலேயே, பயன்படாத ஆப்ஜெக்டுகளை நீக்கும் கார்பேஜ் கலெக்டர் எடுத்துப் போய்விடலாம்.

ஒரு கேள்வி: தாமதமான பதிலை எப்படிச் சோதித்தீர்கள்? உண்மையான மீட்டரைத் தாமதமாகப் பேசவைக்க முடியாதே?

* * *

டாஸ்க்கை இணைப்பு ஆப்ஜெக்டிலேயே வைத்திருக்கிறேன், நன்றி தங்கச்சி. அந்த எச்சரிக்கை எல்லோருக்கும் தேவை.

சோதனைக்கு மீட்டரை நம்பவில்லை. போலி கேட்வே ஒன்றை எழுதினேன், எழுபது வரிகூட வராது. அதற்கு நான்கு கெட்ட குணம் கொடுத்தேன். பதிலை ஒவ்வொரு பைட்டாக இடைவெளி விட்டு அனுப்பும். கிளையன்ட்டின் டைம்அவுட் முடிந்து அரை செகண்ட் கழித்துப் பதில் தரும். இணைப்பை ஏற்றுக்கொண்டு எதுவுமே பேசாது. தலைப்பை அனுப்பிவிட்டு உடலின் நடுவில் இணைப்பை மூடும்.

ஆறு வருடம் ஓடிய பழைய கோடையும் அதன் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். முதல் சோதனையிலேயே விழுந்தது. ஒரு ரிசீவ் அழைத்தால் ஒரு முழுப் பதில் வரும் என்று எழுதியிருந்தேன். டிசிபி பைட்டுகளின் வரிசையைக் காக்கும், செய்தியின் எல்லையைக் காக்காது. பதில்கள் சின்னதாக இருந்ததால் இத்தனை வருடம் ஒரே துண்டாக வந்து சேர்ந்திருக்கின்றன.

புதிய கோட் முதல் மூன்றையும் தாண்டியது, நான்காவதில் மாட்டியது. இணைப்பு நடுவில் மூடியதும் வாசிப்பு டாஸ்க் ஒரு எக்செப்ஷனோடு (பிழை அறிவிப்பு) செத்துப்போனது. டிக்ஷனரியில் காத்திருந்தவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் டைம்அவுட் முழுவதையும் வீணாகக் காத்துத் தீர்த்தார்கள். அதன் பிறகு வந்த கேள்விகளும் படிக்க ஆளில்லாத இணைப்பிலேயே போய்க்கொண்டிருந்தன. இப்போது வாசிப்பு டாஸ்க் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், அதன் ஃபைனலி பகுதி மிச்சமுள்ள ஃபியூச்சர் ஒவ்வொன்றுக்கும் இணைப்பு போன செய்தியைச் சொல்லி, டிக்ஷனரியைக் காலி செய்து, சாக்கெட்டை மூடிவிடுகிறது. ஏற்கெனவே முடிந்துபோன ஃபியூச்சரில் மறுபடி எழுதினால் அதுவே ஒரு எக்செப்ஷனை எறியும், அதனால் முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்த ஒரு வரியை விட்டதற்கு எனக்கு இன்னொரு மாலை போனது.